416, 905, 647: ஒரு கொப்பியோடு முப்பது வருடங்கள்

எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கொப்பிக்கு இரண்டு தடவை மட்டை மாற்றியாகிவிட்டது. கனடாவில் இருக்கும் சொந்தக்காரரின் இலக்கங்களை 1992 முதல் அதில்தான் எழுதி வருகிறேன். ரொறன்ரோவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அந்த நகரம் எந்தப் பக்கமாகப் பெருத்தது என்று யாராவது கேட்டால், யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கொப்பியைப் புரட்டிச் சொல்வேன்.

முதற் பதிவு அண்ணனுடையது: ரொறன்ரோவை அடுத்த மிசிசாகா, 416 என்று தொடங்கும் இலக்கம். அப்போது எங்கள் ஊரில் தொலைபேசி வேலை செய்யவில்லை. கிளாலியில் இரவுப் படகேறி, வவுனியா வழியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தால்தான் கனடாவோடு பேசலாம். 1994இல் அப்படிப் போய், வெள்ளவத்தையில் ஒரு தொடர்பாடல் நிலையக் கூண்டுக்குள் நின்று இலக்கத்தை அழுத்தினேன். எதிர்முனையில் அண்ணன் இல்லை. ஒரு பெண் ஆங்கிலத்தில் பாடமாக்கியது போல ஏதோ சொன்னாள். மூன்று முறையும் அவளேதான். கடைக்காரரின் மணிக்கூடு அவளுடைய பேச்சுக்கும் ஓடியது, காசும் கொடுத்தேன். அண்ணன் வீடு மாறிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன். உண்மையில் அவன் இருந்த இடத்திலேயே இருந்தான், மாறியது இலக்கத்தின் முன்னால் வரும் மூன்று எண் பிரதேசக் குறியீடுதான்.

1993 ஒக்ரோபர் 4ஆம் திகதி 416 இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. ரொறன்ரோ மாநகரம் மட்டும் 416ஐ வைத்துக்கொண்டது. அதைச் சுற்றியிருந்த மிசிசாகா, பிரம்ரன், மார்க்கம், ஏஜக்ஸ் எல்லாம் 905 ஆகின. காரணம் எளிது. ஒரு குறியீட்டுக்குள் ஏழு இலக்க எண்கள் ஏறக்குறைய 80 இலட்சம்தான் அடங்கும். புறநகரில் வீடுகள் முளைக்க முளைக்க, தொலைநகலும் கைத்தொலைபேசியும் ஆளுக்கொன்றாகக் கேட்க, அது போதாமல் போயிற்று. 1947இல் வட அமெரிக்காவுக்கு முதன்முதலில் குறியீடு பிரித்தபோது 416 தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதிக்கும் போதுமாக இருந்ததாம். வட்டுச் சுழற்றும் தொலைபேசிக் காலம் அது. பெரிய நகரங்களுக்குச் சுழற்றும் நேரம் குறைந்த எண்களைக் கொடுத்தார்கள். நியூயோர்க்குக்கு 212 கிடைத்தது அப்படித்தான்.

பிளந்ததால் கொப்பியில் பாதியைச் சிவப்புப் பேனாவால் வெட்ட வேண்டியிருந்தது. 2001இல் வேறு வழி பிடித்தார்கள். இருக்கிற எண்களில் கை வைக்காமல், அதே நிலப்பரப்பின் மேலேயே புதிய குறியீட்டை விரித்தார்கள்: மாநகரத்துக்கு 647, சுற்றுப்புறத்துக்கு 289. 2013 மார்ச் 25இல் 437, 365 என்று மேலும் இரண்டு வந்தன. பக்கத்து வீட்டுக்கும் குறியீட்டோடு பத்து இலக்கம் அழுத்த வேண்டியிருக்கிறது என்று அங்கே அண்ணி முறைப்பட்டார். இங்கிருந்து 001இல் தொடங்கி எப்போதும் முழுவதையும் அழுத்தும் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. என் தீர்ப்பு இதுதான்: வெளியிலிருந்து அழைப்பவனுக்குப் பிளப்பதைவிட மேலே விரிப்பதே நல்லது. அதற்குப் பிறகு கனடாப் பக்கத்தில் சிவப்புப் பேனா எடுத்ததே இல்லை.

கொழும்புப் பக்கத்தில் எடுத்தேன். 2003இல் 01 என்பது 011 ஆயிற்று. கண்டியின் 08, 081 ஆயிற்று. காலியின் 09, 091. ஶ்ரீலங்கா ரெலிகொம் இணைப்பென்றால் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு 2ஐயும் செருக வேண்டும். மகள் வாசிக்க வாசிக்க, ஒரு பின்னேரம் முழுக்கத் திருத்தினேன். எங்கள் 021 மட்டும் அசையவில்லை. அதற்குப் பின்னால் வரும் எண்தான் நீண்டது.

குறியீட்டைப் பார்த்து ஆளின் நிலைமையை அறியும் பழக்கமும் எங்களுக்கு வந்துவிட்டது. ஸ்காபரோவில் நிலக்கீழ் அறையில் இருக்கும்வரை 416. 905 என்று புதிய வீட்டு இலக்கம் வந்தால், மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ வீடு வாங்கிவிட்டார்கள் என்று அம்மா அயலுக்குச் சொல்லிவிடுவார். 647 என்றால் புதிதாகப் போன பொடியன். இந்தச் சாத்திரம் இப்போது பலிப்பதில்லை. 2007 முதல் கனடாவில் நிறுவனம் மாறினாலும் பழைய கைத்தொலைபேசி எண்ணைக் கொண்டுபோகலாம். மருமகள் ஒருத்தி வான்கூவரில் இருந்துகொண்டு இன்னமும் 416இல் பேசுகிறாள். பழைய 416 வைத்திருப்பது அங்கே ஒரு பெருமை என்றும் சொல்கிறாள்.

போன மாதம் 437இலிருந்து இரவு பதினொரு மணிக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. மோசடிக்காரர் என்று எடுக்கவில்லை. நான்காவது தடவைக்குப் பிறகு வட்ஸ்அப்பில் செய்தி வந்து விழுந்தது: “சித்தப்பா, நான்தான். பிள்ளை பிறந்திருக்கிறது, எடுங்கள்.” அண்ணன் மகன் இலக்கம் மாற்றியதை யாருமே சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் 942 என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறதாம். அதைக் கொப்பியின் உள்மட்டையில் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறேன்.