கப்பலா, ஃப்ளைட்டா: காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

‘சென்னையிலிருந்தே கப்பல், ஏர்போர்ட் அலைச்சல் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். யாருக்கு அலைச்சல் இல்லை? மயிலாப்பூர்க்காரருக்கு இல்லை, ஆட்டோ பிடித்தால் துறைமுக வாசலில் இறங்கிவிடுவார். காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் 90, மதுரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எங்களுக்குச் சொந்தத் துறைமுகம் என்று ஒன்று உண்டென்றால் அது திருச்சி. தண்ணீர்தான் இல்லை.

இருந்தும் 2023 ஜூலையில் இலங்கைக்குக் கப்பலில் போனோம். 2025-இல் அதே இலங்கைக்கு விமானத்தில் போனோம். இரண்டு தடவையும் என் ஆத்தா, அதாவது அம்மா, கூட வந்தார்கள். வயது எழுபத்தைந்தை நெருங்குகிறது, இரண்டு முழங்காலும் தகராறு. ஆச்சியும் (அக்கா) அயித்தானும் (அக்கா கணவர்) கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டு தடவையும் முக்கியமான நோக்கம் ஒன்றுதான்: கதிர்காமம். நகரத்தார் வீட்டில் கதிர்காமத்து வேலனைப் பற்றிக் கேட்காமல் வளர முடியாது. கொழும்பில் ஆடிவேல் விழா எடுப்பதே நம்மவர்கள்தான்.

முதலில் கப்பல். எம்ப்ரஸ் என்ற பெயரில் கார்டிலியா நிறுவனம் ஓட்டுவது. 1990-இல் வேறொரு பெயரில் கட்டப்பட்டு, வெளிநாடுகளில் ஓடி, பிறகு இந்தியாவுக்கு வந்த பதினொரு அடுக்குக் கப்பல். சென்னையிலிருந்து 2022 ஜூனில் முதன்முதலாகக் கிளம்பியது. 2023 ஜூனில் இலங்கைச் சுற்றைத் தொடங்கினார்கள்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. வருடம் முழுக்க இந்தப் பக்கம் நிற்கும் கப்பல் இல்லை இது. தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு வரும், அப்புறம் அந்தப் பக்கம் போய்விடும். விமானத்துக்கும் கப்பலுக்கும் முதல் வித்தியாசம் இதுதான். விமானத்தில் தேதியை நாம் சொல்கிறோம், கப்பலில் பருவக்காற்று சொல்கிறது.

கப்பலைப் பிடிக்க ராமேசுவரம் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினோம். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் அதைப் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் போட் மெயிலில் ஏறுபவர்கள் தெற்கே தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. நாங்கள் இலங்கை போவதற்காக அதே போட் மெயிலில் வடக்கே போனோம். அயித்தானுக்கு இது ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. விழுப்புரம் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ரயில் இரண்டு ராத்திரி, கப்பல் ஐந்து ராத்திரி, ஆக ஏழு. அந்த ஏழில் இலங்கை மண்ணை மிதித்தது இரண்டே பகல்கள். எங்கள் சுற்றில் அம்பாந்தோட்டையும் திருகோணமலையும்தான். காலையில் கரை சேரும், சாயங்காலம் கிளம்பிவிடும். ஒரு நாட்டைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து ஏறியவருக்கு இது பெரிய ஏமாற்றம். கண்டி கிடையாது, நுவரெலியா கிடையாது, கொழும்பு கிடையாது.

ஆனால் கதிர்காமம் உண்டு. இங்கேதான் கப்பல் என்னை வாயடைக்க வைத்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து கதிர்காமம் ஒரு மணி நேரச் சொச்சம். காலை இட்லியைக் கப்பலில் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். மாணிக்க கங்கையில் காலை நனைத்து, பூசைக்கு மணி அடிக்கும்போது திரைக்கு முன்னால் நின்றோம். அங்கே மூலவரைப் பார்க்க முடியாது, திரைதான் தரிசனம். திரையில் வள்ளி தெய்வானையோடு முருகன். ஆத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மூடியிருந்தா என்ன தம்பி, உள்ளேதானே இருக்கான்’ என்றார்கள். மூன்று மணிக்குத் திரும்பக் கப்பலில் இருந்தோம்.

கப்பலின் தனி வேனில் போகாமல் வெளியே வண்டி பிடித்துப் போனால் ஒரு பயம் இருக்கிறது. நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. அவர்கள் ஏற்பாடு செய்த சுற்றில் போனால் காத்திருப்பார்கள், விலை கூடுதல். கோயிலுக்கு என்றால் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுவதே நிம்மதி.

விமானத்தில் போனபோது திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான். 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்த புதிய டெர்மினல், நடை கொஞ்சம் கூடுதல். ஆனால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிவிட்டோம், காசு கிடையாது. வரிசையில் நிற்காமல் ஆத்தா ராணி மாதிரி உள்ளே போனார்கள், நாங்கள் பின்னால் பெட்டிகளோடு. இதுவரை விமானத்துக்குத்தான் வெற்றி.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகுதான் கணக்கு மாறியது. அங்கிருந்து கதிர்காமம் 300 கிலோமீட்டருக்கு மேல். அம்பாந்தோட்டை வரை விரைவுச்சாலை இருக்கிறது, நல்ல சாலைதான். இருந்தாலும் சாப்பாடு, டீ, ஆத்தாவுக்குக் கால் நீட்ட இரண்டு நிறுத்தம் என்று ஆறு மணி நேரம் ஆனது. வேனில் மடக்கி வைத்த முழங்காலுக்கு ஒரு மணி நேர விமானப் பயணத்தால் என்ன லாபம்? இரண்டு பயணத்திலும் அவர்கள் நிஜமாகவே முகம் சுளித்தது இந்த ஒரு நாள்தான்.

அதே சமயம், அன்று ராத்திரி கதிர்காமத்திலேயே தங்கினோம். சாயங்காலப் பூசைக்குத் தாமரைத் தட்டோடு வரிசை நகரும்போது அவசரமே இல்லை. கப்பல் பயணத்தில் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கொழும்பு திரும்பி, செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலுக்குப் போனோம். ஐயா (தாத்தா) காலத்து ஆட்களின் பெயர்களை ஆத்தா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். அது கப்பலில் போனால் கிடைத்திருக்காது.

இனி காசு. கப்பலுக்கு எங்களுக்குப் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் ஒருவர் ‘தலைக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து’ என்றார். எல்லாம் சேரவில்லை. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று தனித்தனியாக வந்து விழுந்ததில் சொன்ன தொகைக்கு மேல் கால் பங்கு ஏறியது. அந்த ‘தலைக்கு’ என்பதும் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில்தான், தனியாகப் போகிறவருக்கு வேறு. யாரிடம் டிக்கெட் போட்டாலும் கடைசித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். விமானப் பயணத்தில் செலவு சில்லறை சில்லறையாகப் போகும். டிக்கெட், வேன், ஹோட்டல், சாப்பாடு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்தால் கப்பலைவிடக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

காசைக் கூட விடுங்கள். கப்பலின் உண்மையான வசதி எங்கே இருக்கிறது என்றால், பெட்டியை ஒரே தடவை பிரிப்பதில். துறைமுகத்தில் பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அறை வாசலுக்கு வந்துவிடும். ஆத்தா சேலைகளை அலமாரியில் அடுக்கி, மாத்திரை டப்பாவை மேசையில் வைத்து, சுவாமி படத்தைக் கண்ணாடி ஓரம் சாய்த்து வைத்த பத்தாவது நிமிடம் அது அவர்கள் வீடாகிவிட்டது. விமானப் பயணத்தில் நாலு ராத்திரிக்கு மூன்று ஹோட்டல். ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திற, தேடு, மூடு.

அறை எடுக்கும்போது ஒன்று. சன்னல் இல்லாத உள் அறை மலிவு. விளக்கை அணைத்தால் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பாத்திரம் போட்டு வைத்திருக்கும் அறை மாதிரி இருட்டு, காலையா ராத்திரியா தெரியாது. ஆச்சி முதல் நாளே அதில் திணறிப்போய் வெளித்தளத்து நாற்காலியில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். குமட்டல் வரும் ஆளாக இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. எங்களுக்கு இரண்டாம் ராத்திரி ஆடியது. டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போன அவோமின் போட்டுத் தூங்கினோம். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் கூட்டி வைத்து ஆபத்துக்கால ஒத்திகை நடத்துவார்கள். லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது, எந்த இடத்தில் கூட வேண்டும் என்று. டைட்டானிக் மூழ்கிய பிறகு வந்த கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியில் கட்டாயமானது. விமானத்தில் பெல்ட் மாட்டும் விளக்கத்தை யார் கவனிக்கிறோம்? இங்கே ஆத்தா முன்வரிசையில் நின்று கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் அந்தப் பையனிடம், ‘தம்பி, சேலை மேலே மாட்டினா நிக்குமா?’ என்று கேட்டார்கள். அவன் ஒடிசாக்காரன், ஒன்றும் புரியவில்லை. நான் மொழிபெயர்த்தேன். அவன் ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றை எடுத்து ஆத்தாவுக்கே மாட்டி, இடுப்பு வாரை இழுத்துக் காட்டினான். நின்றது.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கப்பலில் சைவம் தாராளம், உப்பும் காரமும் வடநாட்டுக் கணக்கு. மூன்றாம் நாள் எல்லோரும் தேன்குழல் டப்பாவைத் தேடினோம். இலங்கையில் இடியாப்பமும் சொதியும் கிடைத்த பிறகு அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நடுக்கடலில் கரை சிக்னல் போனதும் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கட்டணம் பயங்கரம். ஆகவே ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். பெயர்ப் பொருத்தம் இல்லைதான்.

சரி, எது? திருச்சி, மதுரைப் பக்கம் இருந்துகொண்டு இலங்கையைப் பார்க்க வேண்டும் என்பவர் விமானத்தில் போகட்டும், யோசிக்கவே வேண்டாம். சிங்கப்பூர், மலேசியாவுக்கும் அப்படியே. மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் நாலு நாள் இருக்க வேண்டும், மணிவிழா மாதிரி ஏதாவது, யாரும் யாரையும் தேடி அலையக்கூடாது என்றால் கப்பல். ஆனால் சென்னை வரை போகும் இரண்டு ராத்திரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். விளம்பரம் சேர்க்காது.

இதற்கு இடையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வட்டாரத்துக்குச் சென்னை என்றைக்குமே சொந்தத் துறைமுகம் இல்லை. ஐயா பினாங்குக்குப் போனது நாகப்பட்டினத்திலிருந்து. 1926-இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் சென்னையில் கிளம்பி, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போகும். ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றது. கொண்டுவிற்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர்கள், திரும்பி வந்து இறங்கிய துறையும் நாகைதான். எங்கள் வீட்டு முன்கட்டில் கிடக்கும் தகரப்பெட்டியின் மூடியில் அந்த ஊர்ப் பெயர் வெள்ளைப் பெயிண்டில் பாதி அழிந்து இன்னும் இருக்கிறது.

அந்த நாகையிலிருந்து 2023 அக்டோபர் 14 அன்று யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாட்களிலேயே வானிலையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16-இல் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். பாட்டும் கூத்தும் கிடையாது, அறை கிடையாது, பஸ் மாதிரி வரிசை நாற்காலி. வடகிழக்குப் பருவமழை வந்தால் நிறுத்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ விமானம் உண்டு. அது இறங்கும் பலாலிக்குப் பக்கத்திலேயேதான் காங்கேசன்துறை. இரண்டும் ஒரே மூலையில் கொண்டுபோய் விடுகின்றன, நல்லூர் முருகன் கோயிலுக்கு அங்கிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். வீட்டுக் கதவிலிருந்து கணக்குப் பார்த்தால் விமானத்துக்குப் பாதி நாள் மிச்சம்.

இதையெல்லாம் போன வாரம் ஆத்தாவிடம் சொன்னேன். அவர்கள் நேரத்தையும் கேட்கவில்லை, கட்டணத்தையும் கேட்கவில்லை.

‘அந்த நாகப்பட்டினத்துக் கப்பல் பேர் என்ன?’

‘சிவகங்கை.’

‘நம்ம ஜில்லாவா!’ என்றவர்கள், மழை எப்போது விடும் என்று காலண்டரை எடுத்துவரச் சொன்னார்கள்.