எலும்புக்குன்னு வாங்குன வைட்டமின் டி3 மாத்திரை: 1 ஸ்டார்

அம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலி. எங்க அடுக்குமாடி புளோக்ல பக்கத்து வீட்டு ஆன்ட்டி எலும்புக்கு வைட்டமின் டி நல்லதுன்னு சொன்னாங்கன்னு ஆன்லைன்ல இத ஆர்டர் பண்ணேன், 120 மாத்திரை 38 வெள்ளி. டெலிவரி ரெண்டே நாள், மாத்திரையும் சின்னது, அம்மா ஈஸியா முழுங்கிட்டாங்க. அதுல குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சனை டோஸ்தான். பாட்டில் முன்னாடி எலும்பு வலுவாகும்னு பெருசா போட்டுட்டு பின்னாடி பொடி எழுத்துல 250 மைக்ரோகிராம்னு இருக்கு, 250தானேன்னு நானும் விட்டுட்டேன். வைட்டமின் டில 1 மைக்ரோகிராம்னா 40 யூனிட்டுங்க (IU), அப்போ ஒரு மாத்திரையே 10,000 யூனிட். 70 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும், டாக்டர் சொல்லாம 4,000 தாண்டக்கூடாது. இதுல தினம் ஒண்ணு இல்ல ரெண்டுன்னு வேற போட்டிருக்கான்! அம்மா ரெண்டு போட்டாங்க, கூடவே கால்சியம் மாத்திரையும்.

அஞ்சாவது மாசம் ராத்திரியில நாலு தடவ எழுந்திரிச்சு தண்ணி குடிக்கிறாங்க, பாத்ரூம் போறாங்க, மலச்சிக்கல், சோறு இறங்கல. சுகர்னு பயந்து போலிகிளினிக் கூட்டிட்டுப் போனா சுகர் நார்மல், ரத்தத்துல கால்சியம்தான் ஏறிக் கிடக்கு. டாக்டர் ரெண்டு மாத்திரையையும் அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு. இது கொழுப்புல தங்குற வைட்டமினாம், நிறுத்துனாலும் உடம்ப விட்டுப் போக மாசக்கணக்காகுமாம், அதுவரைக்கும் அடிக்கடி ரத்த டெஸ்ட்.

எனக்கு மனசு ஆறாதது என்னன்னா, அளவு மீறுனா இதே வைட்டமின் எலும்புல இருக்குற கால்சியத்தையே கரைச்சு ரத்தத்துல விட்டுடும், அது கிட்னில போய் கல்லா நிக்கலாம். கனடால கால்கரில 55லேருந்து 70 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு 3 வருஷம் தினம் 400, 4,000, 10,000னு பிரிச்சுக் கொடுத்துப் பார்த்து 2019ல ரிசல்ட் போட்டாங்க. 10,000 எடுத்தவங்களுக்கு எலும்பு கூடல, மணிக்கட்டு எலும்போட அடர்த்தி 400 எடுத்தவங்கள விட கம்மியாத்தான் இருந்துச்சு. ஆஸ்திரேலியால 70 தாண்டுன பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையா 5,00,000 யூனிட் கொடுத்ததுல விழறதும் எலும்பு முறியறதும்தான் கூடிச்சு, அது 2010லயே வந்துடுச்சு.

வைட்டமின் டி கெட்டதுன்னு சொல்லல, குறைவா இருக்குறவங்களுக்கு கண்டிப்பா வேணும். ஆனா அம்மாவுக்குக் குறைவான்னு ஒரு டெஸ்ட் கூட எடுக்காம வாங்கிக் கொடுத்தேன், அது என் தப்பு. விக்கிறவங்க அந்த 10,000ங்கிற நம்பர முன்னாடி பெருசா போடுங்க, ரெண்டு மாத்திரைங்கிற வரிய எடுத்துடுங்க. மூணாவது பாட்டில் பாதி மிச்சம் இருக்கு, ரிட்டர்ன் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.