ஓட்டிப் பார்க்காமலே பாட்டம் பிராக்கெட்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள்: ஓர் எச்சரிக்கை

மேடேறும்போது இருக்கையில் அமர்ந்து பலமாக மிதித்தால் என் ரோடு சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை கிறீச்சென்று சத்தம் வந்தது. எழுந்து நின்று மிதித்தால் அடங்கிவிட்டது. இவ்விரண்டையும் தெளிவாகச் சொல்லித்தான் சைக்கிளைப் பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைத்தேன். அங்கிருந்த மெக்கானிக் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. செயினைக்கூடக் கழற்றாமல், பெடல்களைத் தாங்கும் கிராங்கைக் கையால் சுற்றிவிட்டு, பாட்டம் பிராக்கெட் (கிராங்கின் அச்சு சுழல்வதற்காகப் பிரேமின் அடியில் உள்ள பேரிங் தொகுதி) போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

இந்த முடிவை வாடிக்கையாளர் எளிதில் நம்பிவிடுவார் என்பதுதான் சிக்கல். மரையில்லாமல் அழுத்திப் பொருத்தப்படும் பிரஸ் ஃபிட் வகை பாட்டம் பிராக்கெட்டுகள் சத்தமிடுவதற்குப் பெயர்போனவை. மேலும், மிதிக்கு ஒருமுறை கேட்கும் சத்தம் கிராங்கின் அருகிலிருந்துதான் வரவேண்டும் என்று எவருக்கும் தோன்றும். உண்மையில், ஒவ்வொரு மிதியின்போதும் உடலின் எடை இருக்கையின் மீது இடமும் வலமுமாகச் சாய்வதால், இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் எழும் சத்தமும் அதே தாளத்தில்தான் கேட்கும். உள்ளீடற்ற கார்பன் குழாய்கள் சத்தத்தைப் பிரேம் முழுவதும் கடத்துவதால், காதை மட்டும் நம்பி இடத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அமர்ந்தால் வருவதும் எழுந்தால் நிற்பதும் இருக்கைப் பக்கத்தையே முதலில் சுட்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

அவர் சொன்னபடி பாட்டம் பிராக்கெட்டை மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தது. மீண்டும் கொண்டுபோனபோது, கிராங்க் செட்டே தேய்ந்திருக்கும், அதையும் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள்; நான் மறுத்துவிட்டேன். பழைய பேரிங்குகளைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. ரசீதிலோ எந்த உதிரிப்பாகத்தின் பெயரும் இல்லை. ‘முழு சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பிறகு பார்த்த வேறொரு மெக்கானிக் முதலில் என்னை ஓட்டச் சொல்லி, அருகிலேயே நின்று கேட்டார். அடுத்து சீட் போஸ்ட்டை உருவினார். உட்புறம் காய்ந்து, மணல்துகள் படிந்திருந்தது. துடைத்து, கார்பன் பரப்புகளுக்கென்றே உள்ள பேஸ்ட்டைப் பூசி, கிளாம்பில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இருக்கையின் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பையும் துடைத்துப் பூட்டினார். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் புதிதாகப் போடப்பட்ட பாட்டம் பிராக்கெட்டில் பேரிங்கைத் தாங்கும் ஒரு பக்கக் கிண்ணம் சாய்வாக இறங்கியிருப்பதையும் அவரே காட்டினார். உரிய அழுத்துகருவியால் நேராக இறக்காவிட்டால் பேரிங் விரைவில் கெடும். தட்டித் தட்டிக் கழற்றி மாட்டினால் பிரேமின் துளையும் தேய்ந்து, அதுவரை இல்லாத சத்தம் புதிதாகப் பிறக்கும். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரமூட்டியது இதுதான்.

ஆகவே, பாட்டம் பிராக்கெட்டில் கைவைக்க ஒப்புக்கொள்ளும் முன், சீட் போஸ்ட், சக்கரங்களைப் பூட்டும் குவிக் ரிலீஸ் நெம்புகோல், பெடல் மரைகள், கிராங்கிலுள்ள பல்சக்கரத்தைப் பிடிக்கும் செயின்ரிங் போல்ட்டுகள், பின்பக்கக் கியர் மாற்றியைப் பிரேமோடு இணைக்கும் டிரெய்லியர் ஹேங்கர் ஆகியவற்றைத் துடைத்து இறுக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குப் புதிய உதிரி எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. அதனால்தானோ என்னவோ, சில கடைகளில் இவை நினைவுக்கே வருவதில்லை. கிராங்க் பக்கமே ஐயம் இருந்தாலும், முதலில் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லலாம்: ஷிமானோ நிறுவனத்தின் ஹாலோடெக் 2 வகைக் கிராங்கில் இடப்பக்க இரு போல்ட்டுகளுக்கும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வேண்டும். கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. சாய்ந்த கிண்ணத்தை இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். சைக்கிளை அவர்களிடம் மறுபடியும் விட எனக்கு மனம் வரவில்லை.