சிரியாவில் அமெரிக்கா கொடுத்த துப்பாக்கிகள் யார் கைக்குப் போயின?

2015 செப்டம்பர் 16. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு முன்பு, மத்தியக் கிழக்கில் அமெரிக்கப் படைகளின் தளபதியான ஜெனரல் லாயிட் ஆஸ்டின் உட்கார்ந்திருக்கிறார். 50 கோடி டாலர் திட்டத்தில் பயிற்சி பெற்ற சிரியக் கிளர்ச்சியாளர்களில் இன்று களத்தில் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். நாலைந்து பேர் என்கிறார். நாலைந்து ஆயிரம் அல்ல, நாலைந்து ஆட்கள்.

சிரிய உள்நாட்டுப் போர் என்ற ஒரே போரில், ஏறக்குறைய ஒரே காலத்தில், மூன்று தனித்தனி வழிகளில் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுத்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனுக்கு ஒரு வழி, சிஐஏவுக்கு ஒரு வழி, குர்துகளுக்கு ஒரு வழி. நாலாவதாக, ஒதுங்கி நிற்பதும் இருந்தது. ‘தீவிரவாதத் தொடர்பு இருக்குமோ’ என்ற அச்சம் நாலிலும் இருந்தது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுத்த பொருள் கடைசியில் யாரிடம் நின்றது?

பென்டகன் வழி

ஆட்களைச் சலித்தெடுத்ததில் இதற்கு இணையே இல்லை. ஒவ்வொருவரின் பின்னணியையும் தோண்டினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஐஎஸ் பயங்கரவாத அமைப்போடு மட்டும்தான் சண்டை, அப்போதைய சிரிய அதிபர் அசாத்தின் படையோடு கூடாது. ஊரைக் குண்டு போட்டு அழித்தவனை விட்டுவிட்டு வேறொருவனோடு மோது என்றால் எத்தனை பேர் வருவார்கள்? ஆண்டுக்கு 5,000 பேருக்கு மேல் தயார் செய்வதாக இருந்தது. 2015 ஜூலையில் எல்லை தாண்டி சிரியாவுக்குள் போனது 54 பேர்.

சில நாட்களிலேயே அல் காய்தாவின் சிரியக் கிளையான அல் நுஸ்ரா அவர்களின் தளபதியையே கடத்திக்கொண்டு போனது. செப்டம்பரில் அடுத்த அணி போனது, சுமார் 70 பேர். அவர்கள் ஆறு பிக்கப் வண்டிகளையும் தோட்டாக்களில் ஒரு பங்கையும் நுஸ்ராவிடம் ஒப்படைத்தார்கள். எதற்கு? அந்தப் பகுதியைக் கடந்துபோக வழி விடுவதற்கு. சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டிய மாதிரி. அக்டோபரில் திட்டத்தையே இழுத்து மூடினார்கள்.

போனவர்கள் யாரும் தீவிரவாதிகள் இல்லை. பின்னணி விசாரணை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. போகிற பாதை தீவிரவாதிகளுடையது என்பதைக் கண்டுபிடிக்கிற படிவம் மட்டும் யாரிடமும் இல்லை.

சிஐஏ வழி

2012இல் சிஐஏ இயக்குநர் பெட்ரேயஸ் இதை முன்வைத்தபோது ஒபாமா மறுத்தார். 2013இல் ஒப்புக்கொண்டார். ஆயுதங்களைப் பங்கிட ஜோர்டானிலும் துருக்கியிலும் செயல்பாட்டு அறைகள் திறந்தார்கள். சவூதியும் பங்கு போட்டது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவானது.

இதில் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்பது சுவாரஸ்யமானது. ‘டோ’ என்கிற டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை வாங்குகிற குழு, அதைச் சுடுவதை வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட பிறகு காலிக் குழாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்தது கிடைக்கும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரப்பிய சிலிண்டர் வாங்குகிற அதே முறைதான். யூடியூப்பில் அந்தக் காலத்தில் குவிந்த ‘டோ’ வீடியோக்களில் பல இப்படிப் பிறந்தவை.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் குழாயைக் கேட்டு வாங்கலாம், குழுவையே யாராவது விழுங்கிவிட்டால்? 2014இல் முதன்முதலாக ‘டோ’ பெற்ற ஹரகத் ஹஸ்ம் என்ற குழு, 2015 மார்ச் தொடக்கத்தில் நுஸ்ராவிடம் தளத்தை இழந்து கலைந்துபோனது. கிடங்கு அப்படியே வென்றவர்களுக்கு. சிஐஏ உதவி பெற்ற இன்னொரு குழுவான நூருத்தீன் அல் ஸெங்கியின் ஆட்கள், 2016 ஜூலையில் அலெப்போவில் ஒரு சிறுவனின் தலையை அறுத்து அதையும் வீடியோ எடுத்தார்கள். உதவி வாங்கிய காலத்தில் அந்தக் குழு ‘மிதவாதிகள்’ பட்டியலில் இருந்தது.

பொருள் போய்ச்சேரும் முன்பே காணாமல் போனதும் உண்டு. ஜோர்டான் உளவுத்துறையைச் சேர்ந்த சிலரே ஆயுதங்களைத் திருடிக் கள்ளச்சந்தையில் விற்றது 2016இல் அம்பலமானது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்த வழி பலனே தரவில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் வடமேற்கில் அசாத்தின் டாங்கிகளைத் திணறடித்தது ‘டோ’தான். ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் இத்லிப் நகருக்குள் கொடி ஏற்றியதில் முன்னால் நின்றது நுஸ்ராவும் அதன் கூட்டாளிகளும். செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் வந்தன. 2017இல் டிரம்ப் திட்டத்தை நிறுத்தினார்.

குர்து வழி

2014 அக்டோபரில் கோபானியில் குர்துகளின் ஒய்பிஜி படை ஐஎஸ் முற்றுகைக்குள் கிடந்தபோது அமெரிக்க விமானங்கள் ஆயுத மூட்டைகளைப் போட்டன. அதிலும் ஒரு மூட்டை ஐஎஸ் கையில் சிக்கியது; காற்றின் வேலை. அடுத்த ஆண்டு ஒய்பிஜியை முதுகெலும்பாகக் கொண்ட எஸ்டிஎஃப் (சிரிய ஜனநாயகப் படை) கூட்டணி உருவானது. 2017 அக்டோபரில் ஐஎஸ்ஸின் தலைநகரான ரக்கா இவர்களிடம் விழுந்தது.

இங்கே ஒரே தலைமை இருந்தது, சொந்த நிலம் இருந்தது. ஐஎஸ்ஸோ நுஸ்ராவோ இவர்களை விழுங்கவும் முடியாது, இவர்கள் அவர்களிடம் பேரம் பேசவும் முடியாது. ஆனால் இவர்களுக்கும் ஒரு தொடர்பு இருந்தது. ஒய்பிஜியின் வேர், துருக்கியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்து அமைப்பான பிகேகே. அதை 1997லிருந்து பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருந்தது அமெரிக்காவேதான். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தாங்கள் சொன்னதால்தான் ‘சிரிய ஜனநாயகப் படை’ பிறந்தது என்று ஓர் அமெரிக்க ஜெனரல் 2017இல் மேடையிலேயே சொன்னார். பெயர்ப் பலகை மாறியது, கடை மாறவில்லை: ரக்கா விழுந்த சில நாட்களில் நகரின் நடுச் சதுக்கத்தில் பிகேகே தலைவர் ஒஜலானின் பிரம்மாண்டமான படம் விரிந்தது. நேட்டோ கூட்டாளியான துருக்கி 2016, 2018, 2019 என்று மூன்று முறை படையெடுத்தது. 2016 தொடக்கத்தில் அலெப்போவுக்கு வடக்கே மாரியா பக்கம் சிஐஏ ஆயுதம் கொடுத்த குழுவும் பென்டகன் இந்த வழியில் ஆயுதம் கொடுத்த எஸ்டிஎஃப்பும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதும் நடந்தது.

ஒதுங்கி நின்றிருந்தால்?

சுத்தமான கை மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். கிளர்ச்சியாளர்களுக்கு வளைகுடா நாடுகளின் பணம் எப்படியும் வந்துகொண்டிருந்தது. வாஷிங்டன் ஆயுதம் கொடுக்க மறுத்து, தலைக்கு ஒரு கோடி டாலர் விலையும் வைத்த நுஸ்ரா தலைவர் ஜொலானிதான் 2024 டிசம்பரில் தலைநகர் டமாஸ்கஸைப் பிடித்தார். அந்த மாதமே விலையை எடுத்தார்கள். 2025 நவம்பரில் அகமது அல் ஷரா என்ற சொந்தப் பெயரில், சிரிய ஜனாதிபதியாக, வெள்ளை மாளிகைக்குப் போனார்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் குர்து வழியைத்தான் சொல்வேன். அவர்கள் கொள்கை எனக்குப் பிடித்ததால் இல்லை. துப்பாக்கி வாங்கிய கையிலேயே தங்கியது அங்கேதான். அந்தக் கணக்கின் மறுபக்கம், ஐஎஸ்ஸோடு நடந்த போரில் இழந்ததாக அவர்களே எண்ணிச் சொன்ன சுமார் 11,000 உயிர்கள். 2019 அக்டோபரில் டிரம்ப் படைகளை விலக்கினார், துருக்கி உள்ளே வந்தது. குர்துகளின் நகரமான காமிஷ்லி வழியாக வெளியேறிய அமெரிக்கக் கவச வண்டிகள் மீது ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கை எடுத்து எறிந்தார்கள்.