ஃபிரம்சாஃப்ட்வேரா, சிடி புரொஜெக்ட் ரெட்டா?

வீடியோ கேம் தயாரிக்கும் இந்த இரு நிறுவனங்களில் எது சிறந்தது? காட்பாடியில் என் வீட்டு மாடியறையில் கூடும் நண்பர்களிடையே இந்த வாதம் ஓய்வதே இல்லை.

டோக்கியோவில் 1986-ல் அலுவலக மென்பொருள் தயாரிக்கத் தொடங்கிய ஃபிரம்சாஃப்ட்வேரை அதன் ரசிகர்கள் கடினமான சண்டைகளுக்காக மட்டும் போற்றுவதில்லை. 2011-ல் வெளிவந்த அதன் டார்க் சோல்ஸ் விளையாட்டில், பலமுறை மாண்டு, பாழடைந்த தேவாலயத்தை அடைந்து, அங்குள்ள லிஃப்டில் இறங்கினால், பல மணி நேரத்துக்கு முன் நாம் புறப்பட்ட அதே நெருப்பிடம் கண்முன் நிற்கிறது. வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடந்து மறுபடியும் அதன் ஒரே வாயிலுக்கு வந்து சேரும்போது ஊரின் அமைப்பு மனத்தில் பதிவதைப் போல, அந்த உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது அக்கணமே புரிந்துவிடுகிறது.

போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட், கதைக்காகவும் ரசிகர்களை நடத்தும் விதத்துக்காகவும் மதிக்கப்படுகிறது. 2015-ல் வந்த தன் விட்சர் 3 விளையாட்டுக்கு 16 சிறு கூடுதல் பகுதிகளை இலவசமாகவே தந்தது. 2020 டிசம்பரில் பிழைகள் மலிந்து வெளியான அதன் சைபர்பங்க் 2077 விளையாட்டை சோனி தன் இணையக் கடையிலிருந்தே நீக்கியது. ஆயினும் கைவிடாமல், 2023-ல் 2.0 பதிப்பு வரை திருத்திக்கொடுத்த பொறுப்புணர்வு எளிதானதன்று.

வசனத்தில் போலந்துக்காரர்களே முன்னிற்கிறார்கள். எனினும், விளக்கிச் சொல்லாமல் நம்மையே கண்டறியவிடும் ஃபிரம்சாஃப்ட்வேருக்கே என் வாக்கு.