முழங்கால் ஊசிகளும் உப்புநீரும்

மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி என்றதும் காதில் விழும் பெயர்கள் மூன்று: ஸ்டீராய்டு, ஜெல், பிஆர்பி. யாரும் விற்காத நான்காவது ஒன்றும் உண்டு. வெறும் உப்புநீர். ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதையும் முழங்காலுக்குள் செலுத்துகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கும் வலி நன்றாகவே குறைகிறது! அதனால் "ஊசி போட்டேன், குறைந்தது" என்று ஒருவர் சொன்னால் அதை மட்டும் நம்ப முடியாது. உப்புநீரைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு பழைய மருந்து, மலிவு, சில நாட்களிலேயே வேலை செய்யும். நீர் கோத்து வீங்கிய முழங்காலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பலன் பெரும்பாலும் சில வாரங்களே. பலன் போனதும் மறுபடி, மறுபடி என்று போட்டால் என்ன ஆகும்? 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் 140 பேரைப் பிரித்து, 12 வாரத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் சிலருக்கு ஸ்டீராய்டும் சிலருக்கு உப்புநீரும் போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியில் வித்தியாசம் இல்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: வலியை 3 மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்கள், ஊசி போட்டவுடன் கிடைக்கும் சில வார நிம்மதி அந்தக் கணக்கில் வரவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய 3 மாதங்களில் போட்டுக்கொண்டால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது.

ஜெல் என்பது ஹயலுரானிக் அமிலம், மூட்டு நீரில் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்புப் பொருள். வண்டிக்கு ஆயில் விடுவதுபோல என்று விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2022ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, உப்புநீரைவிடக் கிடைக்கும் கூடுதல் பலன் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் கழகமும் 2021இல், வழக்கமாக இதைப் போட வேண்டாம் என்றே வழிகாட்டியது.

பிஆர்பியில்தான் உண்மையான சண்டை. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியை மூட்டில் போடுகிறார்கள். ஜெல்லோடு மோதவிட்ட ஆய்வுகள் சிலவற்றில் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பிஆர்பி முந்தியது. உப்புநீரோடு மோதியபோதோ கதை மாறியது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த 2021 ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தட்டணு எவ்வளவு, வெள்ளணு வேண்டுமா வேண்டாமா என்பதில் இடத்துக்கு இடம் தயாரிப்பு மாறுகிறது. ஆகவே ஒருவர் போட்டுக்கொண்ட பிஆர்பியும் இன்னொருவருடையதும் ஒரே மருந்து அல்ல. குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஸ்டெம்செல், அதாவது வேறு உயிரணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு ஊசி? அதில் சில வகைகளை 2023இல் ஸ்டீராய்டோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் எந்த வகையும் ஸ்டீராய்டை முந்தவில்லை.

அப்புறம், ஊசியே இல்லாத போட்டியாளர் ஒருவர்: பிசியோதெரபி. 2020இல் 156 பேரை ஸ்டீராய்டு, பிசியோதெரபி எனப் பிரித்துப் பார்த்ததில், ஒரு வருட முடிவில் பிசியோதெரபி செய்தவர்களே வலியிலும் நடமாட்டத்திலும் மேலாக இருந்தார்கள். காலை மடக்கவே முடியாதவரிடம் பயிற்சி செய்யச் சொல்வது வீண்தான். அவருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு, வலி அடங்கியிருக்கும் அந்தச் சில வாரங்களில் தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.