ஐந்து கையெழுத்து, ஐந்து விசாரணை

இந்த ஆடியில் லண்டனிலிருந்து கும்பகோணம் போனபோது, தம்பி மாடி கட்டக் கடன் தேடிக்கொண்டிருந்தான். ஆவணியில் வேலையைத் தொடங்க வேண்டும். வட்டி எங்கே குறைவு என்று பார்த்துச் சொல்வதாக ஒரு கடன் முகவர் பான் கார்டு நகலும் படிவங்களில் கையெழுத்தும் வாங்கிப் போயிருந்தார். இரண்டு வாரமாகியும் வட்டி இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை.

இருவரும் உட்கார்ந்து அவனுடைய சிபில் அறிக்கையை, அதாவது வாங்கிய கடன்கள், கட்டிய விதம், அதற்கான மதிப்பெண் எல்லாம் உள்ள பதிவை, எடுத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. கடைசியில் 'விசாரணைகள்' என்ற பகுதி: தேதி, நிறுவனம், கடன் வகை, தொகை. ஐந்து வரிகள். ஐந்தும் வீட்டுக்கடன், ஐந்திலும் 25 லட்சம்.

"அண்ணா, விசாரிக்கத்தானே சொன்னேன்?" என்றான்.

நம் அறிக்கையை நாமே எடுத்தால் மதிப்பெண் குறையாது. விண்ணப்பத்தின் பேரில் வங்கி எடுத்தால் அது பதிவாகும். முகவர் ஐந்து இடத்தில் விண்ணப்பமே கொடுத்திருக்கிறார். அடுத்தடுத்துப் பதிவானால், பணத்துக்கு அலைகிற ஆள் என்று அடுத்த வங்கி நினைக்கும். பிரிட்டனில் கடன்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் முதலில் மென்சோதனைதான். அதன் தடம் மற்ற வங்கிகளுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தில் "நாலு இடம் கேள்" என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான். இன்னும் உறுத்துகிறது.

இப்படி அறிக்கை எடுக்கப்படும்போது நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஐந்து குறுஞ்செய்திகளும் அவன் கைப்பேசியிலேயே இருந்தன, விளம்பரம் என்று திறக்காமல் விட்டவை.

மறுநாள் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அவனுடைய சம்பளக் கணக்குள்ள வங்கிக்குப் போனோம். உதவி மேலாளர் மதிப்பெண்ணைப் பார்த்தார். டோக்கன் சீட்டின் பின்புறம் வட்டி விகிதத்தையும் செயலாக்கக் கட்டணத்தையும் எழுதித் தந்தார். "சார், ஒத்துவந்தால் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் நாங்கள் சிபில் பார்க்கிறோம்" என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை அந்தப் பத்து நிமிடம்தான்.

எப்போதோ அடைத்த பைக் கடன் அறிக்கையில் இன்னும் நிலுவையில் இருந்ததற்கும் புகார் பதிந்தோம். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முகவரிடமிருந்து மீதிப் படிவங்களைத் திருப்பி வாங்கிவிட்டோம். தம்பியின் கையெழுத்துக்கு மேலே, வங்கியின் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்தது.